மலைப் பக்கம் தள்ளினால் ஏறும்

குமார், தேவி, என் பிள்ளைகள் நீங்கள் ரெண்டு பேரும் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். ஒன்பதாவது வரைக்கும் படித்தவன் எழுத்து இது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை, அதில் கை வைக்காதீர்கள்.

போன மாசம் புதிதாகத் திறந்த சோபா கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். என் முதுகு வலிக்கு ஒரு நல்ல நாற்காலி பார்க்க வேண்டும் என்று. கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். கைப்பிடியில் இருந்த பொத்தானை அழுத்தினதும் தலைத்திண்டு, அதாவது தலையைச் சாய்த்துக்கொள்கிற மேல் திண்டு, தானாக மெள்ள ஏறிற்று.

"மோட்டார் வச்ச தலைத்திண்டுங்க. நம்ம ஊருக்கு இப்பதான் மொதல் மொதலா வந்திருக்கு" என்றார்.

"மொதல் மொதலா இல்லீங்க. எண்பத்தி மூணுலயே வந்துடுச்சு. நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் குமார் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சும்மா இருப்பா" என்றான். அந்த வார்த்தைக்காகத்தான் இந்த நோட்டை வாங்கினேன். சும்மா இருக்க மாட்டேன். எழுதி வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி நயினார் பட்டறைக்கு வேலைக்கு வந்தது எழுபத்திரண்டில். முதல் வருஷம் ரெக்சின் வெட்டினேன். ரெண்டாவது வருஷம் ஸ்பிரிங் கட்டினேன். மூன்றாவது வருஷம் லேத்தில் நின்று மரை வெட்டினேன். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் படுகிற பாடுதான்.

பட்டறை சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் செய்தது சலூன் நாற்காலி. போளூர், செங்கம், ஆரணி வரைக்கும் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜனங்கள் முகச்சவரம் செய்துகொண்டார்கள். முதலாளி சமணர். எல்லாரும் நயினார் என்றே கூப்பிடுவோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார், அதனால் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பட்டறையைப் பூட்டிவிடுவோம். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தோல் எந்த ரூபத்திலும் பட்டறைக்குள் வரக் கூடாது. சவரக்கத்தி தீட்டுகிற தோல் வாரை நாற்காலியில் மாட்டித் தரச் சொல்லி ஒரு சலூன்காரர் கெஞ்சினார். "வாரை உன் கடையில மாட்டிக்கோப்பா. கொக்கி மட்டும் நான் தரேன்" என்று நயினார் அவரை அனுப்பிவிட்டார்.

நயினார் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். அவ்வளவுதான். அவர் துடைக்கிற நேரம் ஜாஸ்தியாக ஜாஸ்தியாக நமக்கு வியர்க்கும்.

அவர் அளவு எடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. ஆளை உட்கார வைத்துத் தலை எங்கே வருகிறது என்று பின்பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார். பேச ஆரம்பிப்பார். மழை பெய்ததா, பெரிய பையன் என்ன படிக்கிறான், மாமியார் வந்துவிட்டாரா என்று அரைமணி நேரம் பேசுவார். அந்த ஆள் தன்னை மறந்து பேசிக்கொண்டிருக்கும்போது நைசாகப் பின்னால் போய் இன்னொரு கோடு போடுவார். ரெண்டாவது கோடு எப்போதும் கீழேதான் இருக்கும். ஓர் அங்குலம், சில பேருக்கு ஒன்றரை.

"அளக்கறாங்கன்னு தெரிஞ்சா எவனும் போலீஸ்காரன் முன்னாடி உக்கார்ற மாதிரிதான் உக்காருவான். மொதல் கோடு பொய்க்கோடு. ரெண்டாவதுதான் மெய்க்கோடு" என்பார்.

இந்த வித்தையை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டினோம். எண்பத்தி மூன்றில் சரோஜா டீச்சர் வந்தார்கள்.

தேரடித் தெரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினவர்கள். கணவர் இல்லை. பிள்ளைகளும் இல்லை. பன்னிரண்டு மெஷின்தான் அவர்கள் குடும்பம். என்னவோ ஒரு நோய், கழுத்துச் சதையில் வலு போய்விட்டது. கையும் தோளுக்கு மேல் எழும்பாது. விரல்கள் மட்டும் பழையபடி ஓடின. தலையை எதன் மேலாவது சாய்த்து வைத்தால் இருக்கும், இல்லாவிட்டால் தாடை நெஞ்சில் விழுந்துவிடும். ரிக்‌ஷாவில் வந்து இறங்கினபோது ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டே வந்தார்கள். கூட அவர்கள் கொழுந்தனார் வந்தார்.

"சலூன் சேர் மாதிரி ஒண்ணு வேணுங்க. பிடரியைப் புடிச்சுக்கற மாதிரி" என்றார்கள் டீச்சர்.

"எதுக்கு அண்ணி செலவு? இன்ஸ்டிட்யூட்டை நான் பாத்துக்கறேன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறீங்க" என்றார் கொழுந்தனார்.

"நீ பாத்துக்க உனக்கு டைப் அடிக்கத் தெரியுமா?"

"எனக்கு எதுக்கு தெரியணும்? ஆள் வச்சா போச்சு."

டீச்சர் நயினாரைப் பார்த்துச் சொன்னார்கள்: "பரீட்சைக்குப் பிள்ளைங்களை அனுப்புற அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அதிகாரி வர்றாருங்க. நடத்துறவங்க க்ளாஸ்ல உக்காந்து பாடம் நடத்துற நெலமையில இருக்காங்களான்னு பாப்பாரு. இல்லன்னா இவர் பேருக்கு மாத்தணும். மாத்திட்டா அதோட நான் வீட்டு மூலைதான்."

நயினார் முதல் கோடு போட்டார். பேசினார். ரெண்டாவது கோடு போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கு அவர் துடைத்தது என் மேல் இருந்த கோபத்தில் அல்ல. டீச்சரைப் பொழுதுக்கும் அங்கேயே உட்காரச் சொன்னார். மத்தியானம் மூன்றாவது கோடு போட்டார். மூன்று மணிக்கு நான்காவது. அந்த அம்மாவின் உடம்பு நேரமாக ஆக நாற்காலியில் இறங்கிக்கொண்டே இருந்தது. காலைக் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் ரெண்டே முக்கால் அங்குலம்.

"இவங்களுக்கு மெய்க்கோடே கெடையாதுப்பா ஏழுமல. மணிக்கு மணி மாறுது" என்றார் என்னிடம்.

திண்டைப் பின்னாலிருந்து கைச்சக்கரம் சுற்றி ஏற்றி இறக்குகிற மாதிரி செய்யலாம், அது எங்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் சக்கரம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். டீச்சருக்குக் கை எட்டாது, யாராவது சுற்ற வேண்டும்.

"அது வேணாம்" என்றார்கள் டீச்சர். "இப்பவே பொண்ணுங்க மணிக்கொரு தரம் வந்து என் தலையைப் பூசணிக்கா மாதிரி தூக்கி வச்சிட்டுப் போவுதுங்க. அதுங்க நல்ல பொண்ணுங்கதான். ஆனா தலையைத் தூக்கி வச்சவங்களுக்கு அப்பால 'ரெண்டாவது வரியில தப்பு'ன்னு நான் எப்படிச் சொல்றது? என் தலையை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. அதுக்கு வழி இருந்தா செய்யுங்க, இல்லன்னா சொல்லிடுங்க."

"இருக்குங்க" என்றேன் நான். நயினார் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன வழி என்று எனக்கே அப்போது தெரியாது.

வழி, பழைய இரும்புக் கடையில் கிடந்தது. பஸ் கண்ணாடியில் மழைத்தண்ணீர் துடைக்கிற வைப்பர் மோட்டார். உள்ளேயே பல்சக்கரம் இருப்பதால் நிதானமாகச் சுற்றும். அதன் தலையில் நீளத் திருகாணி மாதிரி ஒரு மரைத்தண்டைப் பொருத்தி, தண்டில் ஏறி இறங்குகிற நட்டில், பிடரியையும் தாடையின் ரெண்டு ஓரத்தையும் ஏந்துகிற குழிவான திண்டைக் கட்டினேன். மோட்டார் நின்றால் திண்டும் அங்கேயே நிற்கும், வழுக்காது. கரண்ட் அந்தக் காலத்தில் நம்பக் கூடியதல்ல. அதனால் கார் பேட்டரி, நாற்காலிக்கு அடியில் மரப்பெட்டியில்.

ஏறிற்று! நயினாரே கை தட்டினார். இறக்க, வயரை மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் ஏறிற்று. திரும்ப மாற்றினேன். அப்போதும் ஏறிற்று.

"இன்னாப்பா இது, மேல போறதுக்கு மட்டும் டிக்கெட் வாங்கியிருக்கா?" என்றார் நயினார்.

ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பஸ் எலக்ட்ரீசியன் ஒருவர்தான் சொன்னார், அந்த மோட்டாருக்குள் ரெண்டு சுற்று கம்பி, ரெண்டையும் சேர்த்து மாற்றினால் திசை மாறாது, ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று. பிரித்து உள்ளே இருந்து தனியாக நாலு வயர் எடுத்தேன். அதற்கேற்ற சுவிட்ச் வைத்தேன். நடுவில் விட்டால் நிற்கும், ஒரு பக்கம் தள்ளினால் ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும். டீச்சரின் வலது கை விரலுக்கு வாகாக, கைப்பிடி மேல், பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி படுக்கை வசத்தில் பதித்தேன்.

படுக்கை வசத்தில். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் பட்டறைக்கு ரெண்டு நாள் வந்து பழகினார்கள். நாற்காலி தெற்குப் பார்த்துக் கிடந்தது. உட்கார்ந்தால் வலது கைப் பக்கம் மேற்கு, நம் ஊரை ஒட்டி நிற்கிற மலை. இந்த ஊரில் யார் வலது இடது என்று பேசுகிறோம்? பஸ்ஸில் சீட்டைக் காட்டக்கூட மலைப் பக்கம், ஊர்ப் பக்கம் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன்: "மலைப் பக்கம் தள்ளினா ஏறும். ஊர்ப் பக்கம் தள்ளினா எறங்கும். மறக்கவே மறக்காதுங்க டீச்சர்."

"மலை மேல ஏறும், ஊருக்கு எறங்கும். நல்லா இருக்கு ஏழுமல" என்று சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. என்னைப் போலச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்று நினைத்தேன்.

புதன்கிழமை நாற்காலியை மாடிக்கு ஏற்றினோம். அதிகாரி வருவது அடுத்த திங்கட்கிழமை. பிள்ளைகளைப் பார்த்து உட்கார வேண்டும் என்பதால் நாற்காலியை வடக்குப் பார்த்துப் போட்டார்கள். நான் குனிந்து பேட்டரிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மெஷினும் நின்று, பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பிடரியைத் திண்டின் குழிவில் வைத்தார்கள். முகம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கால் அங்குலம் ஏற்றினால் நிமிர்ந்துவிடும். ஜன்னலில் மலை தெரிந்தது. மலைப் பக்கம் தள்ளினார்கள்.

திண்டு இறங்கிற்று.

மலை இப்போது அவர்களுக்கு இடது பக்கம். திண்டு பிடரியை விட்டு நழுவித் தோளில் உட்கார்ந்தது. தலை முன்னால் விழுந்தது. பயத்தில் இன்னும் அழுத்தி மலைப் பக்கமே தள்ளினார்கள். பஸ் மோட்டாருக்கு மனுஷத் தோள் என்ன தெரியும்? அது அழுத்திக்கொண்டே போயிற்று. பிள்ளைகள் கத்தினபோதுதான் எனக்குத் தெரிந்தது. வயரைப் பிடுங்கினேன். தோளில் கன்றிப்போய் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு.

கொழுந்தனார் என் சட்டையைப் பிடித்தார். "சலூன் சேர் செய்யறவன்கிட்ட கழுத்தைக் குடுத்தா இதான் நடக்கும்! எடுத்துட்டுப் போடா இதை! அண்ணி, போதும். திங்கக்கிழமை அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன்."

மாடியிலிருந்து நாற்காலியை இறக்கின ஒவ்வொரு படியும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பட்டறையில் நயினார் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "மோட்டாரைக் கழட்டிடு. கைச்சக்கரம் போட்டுக் குடுத்துடலாம். இன்னொரு உயிருக்கு நோவு குடுக்கற சாமான் என் பட்டறையிலேர்ந்து போவக் கூடாது."

பதினோரு வருஷத்தில் அவர் சொல்லை நான் தட்டினதில்லை. அன்றைக்குத் தட்டினேன். "மாட்டேங்க."

"இன்னாது?"

"கழட்ட மாட்டேங்க. சக்கரம் போட்டா இன்னொருத்தர் கை வேணும். அந்த அம்மா அதைத்தான் வேணாம்னாங்க. வேணும்னா என்னை வேலையை விட்டு நிறுத்திடுங்க. ஆனா திங்கக்கிழமைக்கு அப்பால நிறுத்துங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நோவு குடுக்காம இதைச் செய்ய முடியுமா?"

"முடியுங்க."

"அப்ப நீ எங்க தப்பு பண்ணன்னு மொதல்ல சொல்லு."

சொன்னேன். சுவிட்சைப் பட்டறையில் சொல்லிக் கொடுத்தேன், அவர்கள் உட்காருகிற இடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. மலை நகராது, நாற்காலி நகரும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"பொய்க்கோடு போட்டுட்ட" என்றார் நயினார். "பலகையில போட்டாதான் கோடா? சொல்லையும் ரெண்டாவது வாட்டி அளக்கணும்பா."

அப்புறம் நாலு நாள். படுக்கை வசத்தில் இருந்த சுவிட்சை எடுத்து, கைப்பிடியின் முனையில் நிற்கிற மாதிரி வைத்தேன். மேலே தள்ளினால் மேலே, கீழே தள்ளினால் கீழே. மலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன? அது சுலபம். கஷ்டம் மற்றது. உடம்பில் பட்டால் திண்டு தானாக நின்றுவிட வேண்டும். மோட்டாருக்கும் மரைத்தண்டுக்கும் நடுவில் ரெண்டு இரும்புத் தட்டு வைத்து, அவை ஒன்றையொன்று பிடித்துச் சுற்றும்படி ஸ்பிரிங்கால் நெருக்க நினைத்தேன். பாரம் ஜாஸ்தியானால் தட்டு வழுக்கும். மோட்டார் வீணாகச் சுற்றும். திண்டு நிற்கும். தட்டுகளுக்கு நடுவில் பிடிப்புக்குத் தோல் வைத்தால் அருமையாக இருக்கும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"தோல் வராது" என்றார். "நீ ஒரு தடவ மாட்டேன்னு சொல்லிட்ட, இப்ப என் முறை."

நெல் மில்லில் ஓடித் தேய்ந்த கேன்வாஸ் பெல்ட் வாங்கி வந்து வட்டமாக வெட்டி வைத்தேன். ஸ்பிரிங்கை இறுக்கினால் அழுத்துகிறது, தளர்த்தினால் தலையைத் தாங்கவில்லை. கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று என் தோளையே கொடுத்துப் பார்த்தேன். என் தோளிலும் சிவப்பு வந்தது. வரட்டும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக வந்தது. நயினார் என்னை எழுந்திருக்கச் சொன்னார். அவரே உட்கார்ந்து, தோளைத் திண்டுக்கு அடியில் கொடுத்து, சுவிட்சைக் கீழே தள்ளினார். திண்டு வந்து தோளைத் தொட்டது. நின்றது. மோட்டார் மட்டும் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கொண்டு போ" என்றார்.

திரும்ப மாடிக்குப் போனபோது டீச்சர் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். கொழுந்தனார் வாசல்படியிலேயே நின்றார். உள்ளேயிருந்து டீச்சர் குரல் வந்தது: "வழி விடு. தப்பு அவன் சாமான்ல இல்ல, அவன் சொன்ன வார்த்தையில. என் பிள்ளைங்க தெனம் நூறு தப்பு அடிக்குதுங்க. மெஷினையா தூக்கிப் போடறேன்?"

வடக்குப் பார்த்து, அவர்கள் உட்காருகிற அதே இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை ஏற்றி இறக்கச் சொன்னேன். இருபதும் சரி. இருபத்தொன்றாவதைக் கேட்காமலே செய்தார்கள்.

திங்கட்கிழமை நான் கடைசி மெஷினுக்குப் பின்னால் நின்றேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அதிகாரி வந்தபோது பதினோரு மணி இருக்கும். கொழுந்தனார் முன்னால் ஓடி, "சார், அண்ணிக்கு ஒடம்பு சரியில்லைங்க, தலையே நிக்காது, பாத்தா உங்களுக்கே தெரியும்" என்று அழைத்து வந்தார். அவர் சொன்னபடியேதான் இருந்தது. காலையிலிருந்து உட்கார்ந்ததில் உடம்பு இறங்கியிருந்தது. அப்போதுதான் திண்டிலிருந்து நழுவி, தாடை நெஞ்சில் கிடந்தது. முகம் தெரியவில்லை. முன் வரிசைப் பெண் ஒருத்தி பழக்கத்தில் எழுந்து தலையைத் தூக்கப் போனாள்.

"உக்காரு" என்றார்கள் டீச்சர், குனிந்த தலையோடு.

அவள் உட்கார்ந்தாள். டீச்சரின் விரல் சுவிட்சைக் கீழே தள்ளிற்று. திண்டு இறங்கி, பிடரிக்கு அடியில் வந்து நின்றது. பிறகு மேலே. கிர்ரென்ற சத்தம்தான் அறை முழுக்க. முதலில் நெற்றி தெரிந்தது, அப்புறம் கண், அப்புறம் வாய். முகம் முழுசாக நிமிர்ந்ததும் விரலை எடுத்தார்கள்.

"வாங்க சார். உக்காருங்க. மூணாவது மெஷின், இன்னும் ஏன் நிறுத்தி வச்சிருக்க? அடி."

பன்னிரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. அதிகாரி அரைமணி நேரம் இருந்தார். கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது, "இந்தச் சேர் மெட்ராஸ்லயா வாங்கினீங்க?" என்று கேட்டார். டீச்சர் என் பக்கம் கையைக் காட்டினார்கள்: "இல்ல சார். அதோ நிக்கிறாரே, அவர் செஞ்சது."

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்த அம்மா அந்த நாற்காலியிலிருந்து பாடம் நடத்தினார்கள். கேன்வாஸ் வட்டத்தை மூன்று தடவை மாற்றினேன். அந்த ஒன்பது வருஷமும் க்ளாஸ் நேரத்தில் அந்தத் தலையை இன்னொரு கை தூக்கி வைத்ததில்லை. நயினார் என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில், "திங்கக்கிழமை போயிடுச்சேப்பா, இன்னா செய்யலாம்?" என்று கேட்டார். "சலூன் சேர் ரெண்டு பாக்கி இருக்குங்க" என்றேன். அதோடு சரி.

போன வாரம் உங்களுக்குத் தெரியாமல் அந்தச் சோபா கடைக்குத் தனியாகப் போனேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் திண்டுக்கு அடியில் கொடுத்து, இறக்குகிற பொத்தானை அழுத்தினேன். கடைக்காரர் "ஐயா, ஐயா" என்று ஓடி வந்தார். திண்டு தோளில் பட்டது. நின்றுவிட்டது. செய்தவன் எந்த ஊரோ, அவனும் எங்கேயோ ஒரு தடவை யார் தோளையோ சிவக்க வைத்திருக்கிறான். அவனை நான் மதிக்கிறேன். ஆனால் அவன் முதல் ஆள் இல்லை.

குமார், அந்த நாற்காலியை எனக்கு வாங்க வேண்டாம். என் கழுத்து இன்னும் நேராகத்தான் நிற்கிறது. நிற்காத நாள் வந்தால் வாங்கிப் போடு. ஆனால் சுவிட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். என் தலையை நான்தான் தூக்குவேன்.